ஆம்ப் முன்னாடி எந்த மைக்கை வைக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "அதாவது"க்களையும் "வந்து"களையும் முடிந்த அளவு வெட்டியிருக்கிறேன். நடுவில் கேட்ட காக்கா சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.)

ஆடியோ இன்டர்ஃபேஸ் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "வீட்ல எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பை ரெக்கார்ட் பண்ணணும், எந்த மைக் வாங்கட்டும்?" ஒரே வரியில பதில் சொல்லலாம். ஷ்யூர் எஸ்எம்57 வாங்குங்க, முடிஞ்சது. இன்டர்நெட்ல பத்துல ஒன்பது பேர் அதைத்தான் சொல்வாங்க, அது தப்பான பதிலும் இல்ல. ஆனா ஏன் அந்த மைக், எப்ப அது சரிப்படாது, வாங்கின பிறகு அதை எங்க வைக்கணும்கிறது தெரியாம வாங்கினா, பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்துட்டு "யூடியூப்ல கேட்ட மாதிரி வரலையே"ன்னு உக்காந்திருப்பீங்க.

ஒரு உண்மையான கேஸை வெச்சே பேசலாம். என் காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தன், மயிலாப்பூர்ல மாட வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல ரெண்டாவது மாடியில இருக்கான். சின்ன வயசுல பத்து வருஷம் பாட்டு கத்துக்கிட்டவன். இப்ப கர்நாடக சங்கீதத்தை எலக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கிறான். மார்கழி சீசன்ல ஒரு சபாவுல மதியான ஸ்லாட்டுக்கு அப்ளை பண்றான். பதினைஞ்சு நிமிஷ ரெக்கார்டிங் அனுப்பணும். அதைக் கேக்கப்போற பெரியவர் பெரும்பாலும் போன்லதான் கேப்பார், அவர் மனசுல ஒரே ஒரு சந்தேகம்தான் இருக்கும்: "கிட்டார்ல கமகம் வருமா?" அந்தக் கேள்விக்கு இந்த ரெக்கார்டிங்தான் பதில். பட்ஜெட் பன்னெண்டாயிரம்.

கமகம் வருமாங்கிற கேள்வி புதுசு இல்ல. 1981-ல மெட்ராஸ்ல, இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியோட சீசன்ல பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன் எலக்ட்ரிக் மாண்டலினை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தப்பவும் அதே சந்தேகம் இருந்தது. அந்தப் பையன் யு. ஸ்ரீநிவாஸ். மேற்கத்திய மாண்டலின்ல ஜோடி ஜோடியா எட்டுத் தந்தி இருக்கும். அவர் அதை அஞ்சு ஒற்றைத் தந்தியா மாத்திக்கிட்டார். ஜோடித் தந்தியை வளைச்சு இழுத்தா ரெண்டும் ஒரே சுருதியில நிக்காது, ஒற்றைத் தந்தின்னா நிக்கும். எலக்ட்ரிக்னா நாதம் கொஞ்ச நேரம் நீடிக்கவும் செய்யும். அந்த நீட்சி இருந்தாத்தான் ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போறது காதுல விழும். கிட்டார்ல ஆர். பிரசன்னா இருக்கார். ஐஐடி மெட்ராஸ்ல நேவல் ஆர்க்கிடெக்சர் படிச்சுட்டு பெர்க்லி போனவர், கர்நாடக கிட்டார் வாசிக்கிற அதே கையால 2006-ல ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு மரியாதையா 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்'னு ஒரு ஆல்பமும் போட்டார். அதனால "வருமா"ங்கிற கேள்விக்கு எப்பவோ பதில் சொல்லியாச்சு. மிச்சம் இருக்கிறது, வாசிச்சது மைக் வழியா ஒழுங்கா வெளிய வருமாங்கிறதுதான்.

மைக் எதுக்கு, நேரா சொருகினா என்ன?

முதல் கேள்வி இதுவா இருக்கணும். எலக்ட்ரிக் கிட்டாரை நேரா இன்டர்ஃபேஸ்ல சொருகி ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. தகரத்தைக் கீறின மாதிரி இருக்கும். பிக் தந்தியில படுற ஒவ்வொரு சத்தமும், விரல் உராய்ற கீச்சும் அப்படியே வரும். ஏன்னா எலக்ட்ரிக் கிட்டார்ங்கிற வாத்தியம் மரத்தோட முடியறதில்ல. பிக்கப், ஆம்ப், ஸ்பீக்கர் மூணும் சேர்ந்துதான் வாத்தியம். அதுல ஸ்பீக்கரோட பங்கைப் பலர் கவனிக்கிறதில்ல.

கிட்டார் ஸ்பீக்கர் நம்ம வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கர் மாதிரி கிடையாது. ட்வீட்டரே இருக்காது. ரொம்பப் பிரபலமான செலஸ்டியன் வின்டேஜ் 30-ஐ எடுத்துக்கங்க, அதோட கம்பெனி சொல்ற வீச்சு 70 ஹெர்ட்ஸ்ல இருந்து 5000 ஹெர்ட்ஸ். அதுக்கு மேல சரிவுதான். கிட்டாரோட அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ். அதனால கீழ ஒண்ணும் இழப்பில்ல, மேல இருக்கிற கீச்செல்லாம் ஸ்பீக்கரே வடிகட்டிடும். காபி டிகாஷன் ஃபில்டர்னு வெச்சுக்கங்க. பொடியை அப்படியே வாயில போட்டுக்கிட்டா அது காபி இல்ல.

இதுல இருந்தே ஒரு முக்கியமான விஷயம் கிடைக்குது. 5000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா ஒண்ணும் வராத இடத்துல, 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கிற விலையுயர்ந்த மைக் தேவையே இல்ல. பாட்டுக்கு வாங்கற மைக்கோட ஸ்பெக் ஷீட்டை வெச்சு ஆம்புக்கு மைக் தேடாதீங்க.

மூணு வகை

டைனமிக் மைக்ங்கிறது ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு மெல்லிய சவ்வு, அதுல ஒட்டின கம்பிச் சுருள், பக்கத்துல காந்தம். காத்து சவ்வைத் தள்ளினா சுருள் ஆடும், கரண்ட் வரும். அவ்வளவுதான். பேட்டரி வேண்டாம், 48 வோல்ட் வேண்டாம், கீழ போட்டாலும் பெரும்பாலும் பிழைச்சுக்கும். எஸ்எம்57 இந்த வகை. 1965-ல வந்தது, உள்ள இருக்கிற கேப்ஸ்யூலோட வம்சம் 1959-ல வந்த யூனிடைன் III. அமெரிக்க ஜனாதிபதி பேசற மேடையில பல பத்து வருஷமா நிக்கிறதும் இதே மைக்தான். சுருளுக்கு எடை இருக்கிறதால ரொம்ப உயர்ந்த அதிர்வுகளை அது சோம்பேறித்தனமாத்தான் பின்தொடரும். ஆனா 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மேடு வெச்சுத்தான் வடிவமைச்சிருக்காங்க. கிட்டார் ஸ்பீக்கர் சரிய ஆரம்பிக்கிற அதே இடத்துல மைக் ஒரு கை கொடுக்குது. இந்த ஜோடிப் பொருத்தம்தான் அறுபது வருஷமா இந்த மைக் ஆம்ப் முன்னாடி தொங்கறதுக்குக் காரணம்.

கண்டென்சர் மைக்ல சுருள் கிடையாது. மெல்லிய சவ்வும், பின்னாடி ஒரு தகடும். நடுவுல மின்னூட்டம். சவ்வு ரொம்ப லேசு, அதனால எல்லாத்தையும் பிடிக்கும். "எல்லாத்தையும்"னா எல்லாத்தையும். ஃபேன், பக்கத்து வீட்டு குக்கர் விசில், கீழ தெருவுல ரிவர்ஸ் எடுக்கிற தண்ணி லாரி. நம்ம ஊருக்குன்னு இன்னொரு பிரச்சினையும் இருக்கு: புழுக்கம். கேப்ஸ்யூல் மேல ஈரம் படிஞ்சா மின்னூட்டம் கசியும், "சொர சொர"ன்னு பொரியற சத்தம் வரும். கண்டென்சர் வெச்சிருக்கிறவங்க அதை ஸ்டாண்டுலயே விட்டுட்டுத் தூங்காதீங்க. காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல். பெசன்ட் நகர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், கிட்டார் தந்தி ஒரு மாசத்துல துருப்பிடிக்கிறதை அவங்களே பார்த்திருப்பாங்க.

மூணாவது ரிப்பன். ரெண்டு காந்தத்துக்கு நடுவுல முடியை விட மெல்லிய அலுமினியத் தகடு, கொசுவம் வெச்ச புடவை மாதிரி சின்னச் சின்ன மடிப்போட தொங்கும். உச்சஸ்தாயி மென்மையாச் சரியும், நடுப்பகுதி அழகா நிறைஞ்சு வரும். கிட்டாருக்குன்னே பேர் வாங்கின ராயர் ஆர்-121 1998-ல வந்தது. இங்க அது லட்ச ரூபாயைத் தாண்டும். விலை குறைஞ்ச ரிப்பனும் இப்ப கிடைக்குது. ஆனா ரிப்பனை ஊதிப் பார்க்காதீங்க, ஃபேன் காத்துக்கு நேரா வெக்காதீங்க, ஸ்டாண்டோட வேகமா வீசி எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. 48 வோல்ட்டைப் பத்திப் பயமுறுத்துவாங்க. நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள்ல போனா பெரும்பாலான ரிப்பனுக்கு ஒண்ணும் ஆகாது, ஷார்ட் ஆன கேபிள்தான் எமன். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின கேபிளை மல்டிமீட்டர் வெச்சு ஒரு தடவை பார்த்துட்டு சொருகுங்க.

இதுக்கு நடுவுல ஒரு கிளைக் கதை. நீங்க இப்ப கேட்டுக்கிட்டிருக்கிற என் குரல் ஷ்யூர் எஸ்எம்7பி வழியா வருது. பாட்காஸ்ட்காரங்க எல்லாரும் முகத்துக்கு முன்னாடி வெச்சிருப்பாங்களே, அந்தக் கருப்பு உருளை. 1973-ல வந்த எஸ்எம்7-ஓட வாரிசு. அதுவும் யூனிடைன் III வம்சம்தான், எஸ்எம்57-க்குப் பெரியப்பா பையன் முறை. ஆம்ப் முன்னாடி வெச்சா நல்லாவே இருக்கும், கொஞ்சம் உருண்டையா, முரட்டுத்தனம் குறைஞ்சு வரும். "இந்த மைக்குக்கு கெயின் பத்தாது, தனி பூஸ்டர் வாங்கணும்"னு சொல்வாங்களே, அது மெதுவாப் பேசற குரலுக்கு. ஆம்ப் சத்தமா இருக்கிறதால அந்தக் கவலையே இல்ல. ஏற்கனவே பாட்காஸ்டுக்கு ஒரு டைனமிக் மைக் வாங்கி வெச்சிருக்கீங்கன்னா, முதல்ல அதை ஆம்ப் முன்னாடி வெச்சுப் பாருங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க. அப்படிப் பார்த்து ரெண்டு பேர் பத்தாயிரம் மிச்சம் பிடிச்சிருக்காங்க.

மாடி வீட்டுக் கணக்கு

யூடியூப்ல பார்க்கிற அறிவுரையில முக்கால்வாசி தனி வீடு, பேஸ்மென்ட் வெச்சிருக்கிறவங்களுக்கானது. நமக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் டிவி பார்த்துக்கிட்டிருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். நான் சொன்ன அந்த ஸ்பீக்கரோட உணர்திறன் 100 டெசிபல். அப்படின்னா, வெறும் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்துல 100 டெசிபல். பதினைஞ்சு வாட் ஆம்பை முழுசாத் திறந்தா 112 பக்கம் வரும். ஒலி மாசு விதிகள் 2000-ன் படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்து மணிக்கு மேல காலை ஆறு வரைக்கும் 45. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பாருங்க. என் ஃபிரெண்டு ஒரு நாள் மத்தியானம் ஆம்பைக் கொஞ்சம் ஏத்தினப்ப மேல் வீட்டு மாமி இறங்கி வந்து, "ஏம்ப்பா, மிக்ஸி ஏதாவது ரிப்பேரா?"ன்னு ரொம்ப அக்கறையாக் கேட்டாங்க. அதுல விமர்சனம் இருந்துதான்னு இன்னிக்கு வரைக்கும் அவனுக்குச் சந்தேகம்.

அதனால வாட்டில நூறுல ஒரு பங்குலதான் நாம வாசிக்கப் போறோம். ஒரு மீட்டர்ல 80 டெசிபல். இங்கதான் மைக்கை ஒட்டி வெக்கிறது உதவுது. தூரம் பாதியாகும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். ஸ்பீக்கரை ரொம்ப ஒட்டினா இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் அஞ்சு சென்டிமீட்டர்ல 100 டெசிபல் பக்கத்துல மைக்குக்குக் கிடைக்கும். ஃபேன் சத்தம் மட்டும் அதே அளவுலதான் இருக்கும். எஸ்எம்57-க்கு இன்டர்ஃபேஸ்ல 40-ல இருந்து 50 டெசிபல் கெயின் போட்டாப் போதும். இப்ப வர்ற சாதாரண இன்டர்ஃபேஸே அதைத் தாராளமாத் தரும்.

அடுத்தது திசை. எஸ்எம்57 கார்டியாய்ட், முன்னாடி கேக்கும், நேர் பின்னாடி ரொம்பக் கம்மியாக் கேக்கும். அப்ப மைக்கோட பின்பக்கம், அதாவது கேபிள் சொருகற வால் பக்கம், ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். ரிப்பன் பெரும்பாலும் எட்டு வடிவம். முன்னும் பின்னும் ஒரே அளவு கேக்கும், ரெண்டு பக்கவாட்டுலயும் செவிடு. அதுக்கு ஜன்னல் பக்கவாட்டுல வரணும். மைக் வாங்கறதுக்கு முன்னாடி, உங்க ரூம்ல சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. தி.நகர்ல ரங்கநாதன் தெரு பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நாலு பக்கமும்னு பதில் வரும், நீங்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கடை சாத்தின பிறகு பாருங்க. மயிலாப்பூர்ல பங்குனித் திருவிழா பத்து நாளும் ரெக்கார்டிங்கை மறந்துட்டு நாதஸ்வரம் கேக்கறதுதான் புத்திசாலித்தனம். மெட்ரோ வேலை நடக்கிற இடத்துல தரை வழியா ஒரு உறுமல் வரும். ஆம்பையும் மைக் ஸ்டாண்டையும் ரப்பர் பாய் மேல வெச்சு, மென்பொருள்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிருங்க. அடித் தந்தியே 82-ங்கிறதால வாசிப்புக்குப் பாதிப்பு கம்மிதான்.

ரெண்டு விரல் நகர்த்தினா வேற மைக்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இதை வெச்சுக்கங்க. மைக்கை மாத்தறதை விட, மைக் இருக்கிற இடத்தை மாத்தறது பெரிய வித்தியாசம் தரும்.

ஸ்பீக்கர் துணியை டார்ச் அடிச்சுப் பாருங்க. நடுவுல சின்னதா ஒரு குமிழ் தெரியும், அதுதான் டஸ்ட் கேப். சுத்தி கூம்பு. நடுக் குமிழுக்கு நேரா மைக் வெச்சா ரொம்பப் பளிச்சுன்னு, சில சமயம் காதைக் குத்தற மாதிரி வரும். கூம்போட ஓரத்துக்குப் போகப் போக இருட்டாகும். காரணம், உயர்ந்த அதிர்வுகள் பெரும்பாலும் நடுப்பகுதியில இருந்தும், நேர் திசையிலயும்தான் கிளம்புது. குமிழ் முடிஞ்சு கூம்பு ஆரம்பிக்கிற விளிம்புல இருந்து தொடங்குங்க. துணியில இருந்து ரெண்டு விரல் தூரம். அங்க இருந்து அரை அங்குலம் அரை அங்குலமா வெளிப்பக்கம் நகர்த்திக் கேளுங்க.

தூரமும் ஒரு குமிழ்தான், திருகற குமிழைச் சொல்றேன். திசை பார்த்துக் கேக்கிற எந்த மைக்கையும் ஒட்டி வெச்சா அடி ஒலி கூடும். எட்டு வடிவ ரிப்பன்ல இது இன்னும் அதிகம். ராக் வாசிக்கிறவங்களுக்கு அந்தக் கனம் பிடிக்கும். கமகத்துக்கு அது எதிரி. மந்திர ஸ்தாயில ஒரு ஸ்வரத்தை அசைக்கும்போது எல்லாம் கொழகொழன்னு ஒட்டிக்கும். நாங்க மைக்கை அரை அடி பின்னாடி எடுத்தோம். ரூம் சத்தம் கொஞ்சம் கூடுச்சு, ஆனா ஸ்வரம் தெளிஞ்சுது.

சோதிக்கிறதுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு தடவையும் புதுசா வாசிச்சா எது மைக்கோட வித்தியாசம், எது கையோட வித்தியாசம்னு பிரிக்க முடியாது. சாஃப்ட்வேர்ல பக் தேடும்போது ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தானே மாத்துவோம், அதே மாதிரிதான். லூப்பர் பெடல் இருந்தா அரை நிமிஷம் வாசிச்சு சுத்த விடுங்க. நீங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு அடுத்த ரூம்ல இருங்க, வேற யாராவது மைக்கை நகர்த்தட்டும். எங்களுக்கு நகர்த்தினது அவன் தங்கச்சி. "அண்ணா, இன்னும் எவ்வளவு நேரம்டா?"ன்னு ஒவ்வொரு டேக்லயும் அவ குரலும் பதிவாகியிருக்கு.

ரெண்டு மைக் வெச்சா டபுளா நல்லா இருக்குமா?

57-ஐயும் ரிப்பனையும் சேர்த்து வெக்கிறது ஸ்டுடியோக்கள்ல சகஜம். ஒண்ணு கடி கொடுக்கும், இன்னொண்ணு சதை கொடுக்கும். அடையாறுல ஒருத்தர்கிட்ட ரிப்பன் கடன் வாங்கி நாங்களும் கேட்டோம். ஆனா கமகம் வாசிக்கிறவங்க இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். எங்கயும் எழுதிப் பார்க்காத விஷயம்கிறதால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

ரெண்டு மைக்கும் ஸ்பீக்கர்ல இருந்து வேற வேற தூரத்துல இருந்தா, ஒரே ஒலி ரெண்டு நேரத்துல வந்து சேரும். நம்ம ஊர் முப்பது டிகிரி வெயில்ல ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 48,000 சாம்பிள் ரேட்ல ஒரு சாம்பிளுக்கு 7 மில்லிமீட்டர். இப்ப ரெண்டு மைக்குக்கும் அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம்னு வெச்சுக்கங்க. எந்த அலையோட பாதி நீளம் அஞ்சு சென்டிமீட்டரோ, அந்த அலை ஒரு மைக்ல மேடாகவும் இன்னொண்ணுல பள்ளமாகவும் வரும். கூட்டினா ரெண்டும் அடிச்சுக்கும். கணக்குப் போட்டா சுமார் 3490 ஹெர்ட்ஸ். நம்ம காது ரொம்பக் கூர்மையாக் கேக்கிற இடம் அது, பிக் சத்தமும் அங்கதான் இருக்கு.

நிலையான கார்ட் வாசிக்கிறவங்களுக்கு இது வெறும் ஒரு டோன். "கொஞ்சம் உள்ளடங்கியிருக்கு"ன்னு தோணும், அவ்வளவுதான். ஆனா கமகத்துல ஸ்வரம் நிக்கிறதில்ல. 440 ஹெர்ட்ஸ்ல இருந்து 494-க்கு வழுக்கறீங்கன்னு வைங்க. தொடங்கும்போது எட்டாவது ஹார்மோனிக் 3520-ல, கிட்டத்தட்ட அந்தப் பள்ளத்துக்குள்ள இருக்கு. வழுக்க வழுக்க அது வெளிய ஏறிப் போகுது, ஏழாவது ஹார்மோனிக் மேல வந்து முடியும்போது 3458-ல அதே பள்ளத்துல விழுது. ஒவ்வொரு அசைவுக்கும் இப்படி ஹார்மோனிக்குகள் பள்ளத்துல விழுந்து எழுந்தா, வாசிக்காத ஒரு "வாவ் வாவ்" சத்தம் ஸ்வரத்து மேல ஏறிக்கும். கேக்கிற பெரியவருக்கு அது ஏன்னு தெரியாது. "ஏதோ எஃபெக்ட் போட்டு வாசிக்கிறான்"னுதான் நினைப்பார். சுருதியோட நெளிவைக் காட்டத்தான் இவ்வளவு பாடும், அங்க மைக்கே தன் நெளிவைச் சேர்த்தா எப்படி?

ரெண்டு மைக்கோட சவ்வும் ஸ்பீக்கர்ல இருந்து ஒரே தூரத்துல இருக்கணும், இல்லன்னா ட்ராக்கை சாம்பிள் கணக்குல நகர்த்திச் சேர்க்கணும். அது முடியும். ஆனா ஒரு மைக் வெச்சா இந்தப் பிரச்சினையே பிறக்காது. தனிக் கச்சேரிக்கு, ஒரே வாத்தியத்துக்கு, என் கட்சி ஒரு மைக்தான்.

மைக்கே வேண்டாம்னா?

"இப்பல்லாம் ஐஆர் போட்டா போதுமே"ன்னு கேட்டிருந்தீங்க. சரியான கேள்வி. ஐஆர்ங்கிறது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஸ்பீக்கர், மைக், மைக் இருந்த இடம், மூணும் சேர்ந்து ஒலியை எப்படி மாத்துதுங்கிறதோட கைரேகை. 48,000 ரேட்ல 200 மில்லிசெகண்ட்னா வெறும் 9,600 எண்கள். உங்க சிக்னலை அந்த எண்களோட கன்வால்வ் பண்ணினா, யாரோ ஒருத்தர் ஸ்டுடியோவுல வெச்ச மைக் உங்க ஹெட்போன்ல வந்து உக்காரும். ஆம்போட டிஸ்டார்ஷன் இதுல அடங்காது, அது நேர்கோட்டுக் கணக்குக்குக் கட்டுப்படாத விஷயம், அதுக்குத் தனி மாடல் வேணும். மாமி இறங்கி வரமாட்டாங்கங்கிறது பெரிய லாபம்.

ஆனா அந்த ஐஆர் ஃபோல்டரைத் திறந்தா என்ன இருக்கும்? 57, 121, 421, கேப், எட்ஜ், ஒரு அங்குலம், நாலு அங்குலம். இவ்வளவு நேரம் நாம பேசின அதே பட்டியல். மைக்கை வாங்காதவங்களும் மைக்கைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்.

வாங்கும்போது

எஸ்எம்57-க்கும் அதோட தம்பி 58-க்கும் உலகம் முழுக்கப் போலி உண்டு. டப்பா, பை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசலா இருக்கும். அசல் 57-ஓட எடை 284 கிராம், சமையல் தராசுல வெச்சுப் பாருங்க. எடை சரியா இருந்தாலே அசல்னு அர்த்தமில்ல, ஆனா ரொம்பக் கம்மியா இருந்தா சந்தேகப்படலாம். சந்தை விலையில பாதிக்கு யாராவது கொடுத்தா அந்தப் பக்கமே போகாதீங்க. அங்கீகாரம் பெற்ற டீலர்கிட்ட, பில் போட்டு வாங்குங்க. அண்ணா சாலையில இருக்கிற, 1842-ல தொடங்கின மியூசி மியூசிக்கல் மாதிரி பழைய வாத்தியக் கடைகளுக்கு நேர்ல போய் விசாரிக்கிறதுல இன்னொரு லாபம், என்ன வாசிக்கிறீங்கன்னு அவங்க முதல்ல கேப்பாங்க. ஸ்டாண்ட் வைக்க இடமில்லாத ரூம்னா சென்ஹைசர் இ609-ஐயும் பாருங்க. தட்டையா இருக்கும், கேபிளோட ஆம்ப் மேல இருந்து தொங்க விட்டுடலாம். ஸ்டாண்டுக்கு ஆகிற செலவு மிச்சம். நல்ல ஸ்டாண்ட் இல்லாம நல்ல மைக் வாங்கறவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். அரை அங்குலம் முக்கியம்னு சொன்னேனே, தானா தலை சாயற ஸ்டாண்டுல அந்த அரை அங்குலம் எங்க நிக்கும்?

என் ஃபிரெண்டு கடைசில 57-தான் வாங்கினான். ரிப்பன் காதுக்கு இதமா இருந்தது, எனக்கே அதுதான் பிடிச்சுது. ஆனா ரெண்டு ரெக்கார்டிங்கையும் போன் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டப்ப, ரிப்பன்ல ஸ்வரம் தொடங்கற இடம் மழுங்கித் தெரிஞ்சுது. 57-ல மீட்டு விழற இடமும், அங்க இருந்து ஸ்வரம் இழுபடறதும் தனித்தனியாக் கேட்டுது. கேக்கப்போறவர் போன்லதானே கேப்பார். குமிழோட விளிம்புல இருந்து ஒரு அங்குலம் வெளிய, துணியில இருந்து அரை அடி, வால் ஜன்னலைப் பார்த்து. ஃபேனை நிறுத்திட்டு, வேர்க்க விறுவிறுக்க, காலைல ஒன்பதரைக்கு, ஸ்கூல் வேன் எல்லாம் போன பிறகு வாசிச்சான். கூடவே நேர் சிக்னலையும் தனி ட்ராக்ல எடுத்து வெச்சிருக்கோம், டோன் மாத்தணும்னா வாசிப்பை மாத்தாம அதை மறுபடி ஆம்புக்கு அனுப்பலாம்.

ரெக்கார்டிங் போன வாரம் சபாவுக்குப் போயிருக்கு. இன்னும் பதில் வரல. வந்தா சொல்றேன். அடுத்த எபிசோட்ல வீட்டு ரூம்ல எதிரொலியைக் குறைக்கிறது பத்திப் பேசலாம். பழைய போர்வை, பீரோ, புத்தக அலமாரி இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு அளந்து பார்த்திருக்கேன். உங்க ஆம்ப், ரூம் அளவு, ஜன்னல் எந்தப் பக்கம்னு எழுதி அனுப்புங்க. ஆடியோ ஃபைல் அனுப்பறதா இருந்தா 24 பிட் வேவ் ஃபைலா அனுப்புங்க, வாட்ஸாப் வாய்ஸ் நோட்டா வேண்டாம்.